குற்றத்துக்குப் பெயர் சூட்டுவது யார்?

ஒரு கமக்காரன் மற்றொரு கமக்காரனை மண்வெட்டியால் வெட்டிவிட்டான். வாய்க்காலில் தண்ணீர் முறை பற்றி மூண்ட சண்டை. அல்லது எல்லை வேலிக் கதியாலைச் சாமத்தில் ஒரு முழம் தள்ளி நட்ட விவகாரம். வெட்டு ஒன்றுதான். இது என்ன குற்றம்?

ஊரிலே விடை சொல்லப் பத்துப் பேர் வருவர். தண்டனைச் சட்டக்கோவையோ அந்த ஒரு வெட்டுக்கு ஆறேழு பெயர்களை ஆயத்தமாக வைத்திருக்கின்றது. வெறுங்கையால் அடித்துக் காயம் உண்டாக்கினால் 314ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை. வெட்டும் கருவி கையிலிருந்தால் 315ஆம் பிரிவு, மூன்றாண்டு வரை. எலும்பு முறிந்தால் அது கடுங்காயம். 316ஆம் பிரிவின்படி ஏழாண்டு, கருவியால் செய்யப்பட்டதாயின் 317ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை. கொல்லும் எண்ணத்தோடு ஓங்கிய மண்வெட்டி குறி தவறிக் காயத்தோடு நின்றால் 300ஆம் பிரிவு, இருபதாண்டு வரை. வெட்டுண்டவன் இறந்து, வெட்டியவன் உள்ளத்தில் கொலை எண்ணமும் இருந்தால் அது 294ஆம் பிரிவு கூறும் கொலை. அதற்குத் தண்டனை மரணம். திடீரென மூண்ட சண்டையில், முன்யோசனையின்றி, ஆத்திரத்தின் கொதிப்பிலே வெட்டிவிட்டான் என்றால் அதே மரணம் கொலையாகாத மனிதக்கொலைக் குற்றமாகி 297ஆம் பிரிவுக்குள் இறங்கிவிடும். (இந்நாட்டில் 1976க்குப் பின்னர் எவரும் தூக்கிலிடப்படவில்லை என்பது வேறு கதை.)

எதற்காக இத்தனை பெயர்கள் என்று நம் கமக்காரர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். கை செய்ததை மட்டும் பார்த்தால் நீதி பிழைத்துவிடும். நெஞ்சு நினைத்தது என்ன, கருவி என்ன, விளைந்த காயம் என்ன என்ற மூன்றையும் நிறுத்துப் பார்த்தே குற்றத்துக்குப் பெயரிட வேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை. 1837இல் மெக்காலே வரைந்து, 1860இல் இந்தியாவில் சட்டமாகி, 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக இலங்கைக்கு வந்த கோவை இது. வெள்ளையன் தன் ஆட்சி வசதிக்காகச் செய்த சட்டந்தான். அதில் நமக்கு மயக்கமில்லை. ஆயினும், வெட்டியவன் எந்தச் சாதி, எந்த மொழி, எந்தக் கட்சி, எந்த உடை என்று கொலையை வரையறுக்கும் அந்தப் பிரிவு ஓரிடத்திலேனும் கேட்பதில்லை. நாம் இன்று வழக்காட வந்திருப்பது இந்த ஒரு பண்புக்காகவே. குற்றத்தின் பெயர் செயலிலிருந்தும் எண்ணத்திலிருந்தும் பிறக்க வேண்டும். இந்நாட்டிலோ அது ஆளைப் பார்த்துச் சூட்டப்பட்டு வருகின்றது.

முதலில் சிறிய அநீதியைச் சொல்வோம். சிறியதாயினும் நம் வீட்டு வாசலில் தினம் நிற்பது அதுவே.

கடுங்காயம் எது என்பதை 311ஆம் பிரிவு வரிசைப்படுத்துகின்றது. கண்பார்வை போதல், செவிப்புலன் போதல், உறுப்போ மூட்டோ பயனற்றுப் போதல், முகம் நிரந்தரமாக விகாரப்படுதல், எலும்பு அல்லது பல் முறிதல், உயிருக்கு ஆபத்து உண்டாதல். பல் ஒன்று உடைந்தாலும் கடுங்காயமே என்பது பலருக்கும் தெரியாது, அறிந்துகொள்க. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: இருபது நாட்கள் வழக்கமான தொழிலைச் செய்யமுடியாதபடி ஒருவரை முடக்கிய காயமும் கடுங்காயமாகும்.

இந்த இருபது நாட் கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேசை முன் அமர்ந்து சம்பளம் பெறுபவர் மருத்துவச் சான்றிதழை அனுப்பிவிட்டு இருபத்தொரு நாட்கள் படுத்திருக்கலாம். வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைக்க வேண்டியவன் படுத்திருக்க முடியுமா? பன்னிரண்டாம் நாள் கையைத் துணியால் கட்டிக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கிவிடுகின்றான். இறங்காவிட்டால் பயிர் கருகும். இறங்கினால் அவனுடைய கடுங்காயம் சாதாரண காயமாகச் சுருங்கும். ஏழாண்டுக் குற்றம் ஓராண்டுக் குற்றமாகிறது. அவன் வறுமையே எதிரிக்குச் சாட்சி சொல்லுகின்றது! வழக்கமான தொழில் என்ற சொல்லுக்குப் பொருள் காண்போர், வலியோடு செய்த வேலை வேலை செய்யும் வல்லமையைக் காட்டாது என்பதை உணரவேண்டும். சட்ட வைத்திய அதிகாரி முன் நிற்கும்போது எத்தனை நாள் வலித்தது, எதைச் செய்ய முடியவில்லை, எதைப் பிறர் உதவியோடு செய்தோம் என்பதைக் கூச்சமின்றிச் சொல்லிவிட வேண்டும். 'பரவாயில்லை ஐயா' என்று நம்மவர் பணிவாகச் சொல்லும் ஒரு சொல், மேல் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய வழக்கை நீதவான் நீதிமன்றத்திலேயே முடித்துவிடக் கூடும்.

அடுத்தது பொலீஸ் நிலையம். குற்றத்துக்கு முதற் பெயரைச் சூட்டுபவர் நீதிபதியல்லர். முறைப்பாட்டை எழுதும் உத்தியோகத்தர். "கொல்லுவேன் என்று கத்திக்கொண்டு வெட்டினான்" என்று நீங்கள் சொன்னதை அவர் "வாய்த்தர்க்கத்தின்போது காயம் ஏற்பட்டது" என்று எழுதிவிட்டால், கொலை முயற்சி அவ்விடத்திலேயே இறந்துவிடும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆயினும் தாம் வாசிக்க முடியாத மொழியில் எழுதிய தாளிலே கையொப்பமிட்டுவிட்டு வந்தவர்களை நாம் நீதிமன்ற வாசலில் சந்தித்துக்கொண்டே இருக்கின்றோம். வாக்குமூலத்தை அதைக் கொடுத்தவருக்குக் காட்டவோ வாசித்துச் சொல்லவோ வேண்டும்; எழுதிய மொழி விளங்காதாயின் விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்லவேண்டும்; திருத்தவும் கூட்டவும் அவருக்கு இடமளிக்க வேண்டும். இது எவரும் போடும் பிச்சையன்று. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைக் கோவை வகுத்த விதி.

அதே 1979ஆம் ஆண்டு, அதே பாராளுமன்றம், 48ஆம் இலக்கமாக இன்னொரு சட்டத்தையும் ஈன்றது. பயங்கரவாதத் தடைச் சட்டம்! மூன்றாண்டுகளுக்கு மட்டுமே என்று சொல்லி வந்த இந்த விருந்தாளி, 1982இல் நிரந்தர வீட்டுக்காரராக்கப்பட்டது.

இச்சட்டத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்துப் பாருங்கள். தலைப்பிலே பயங்கரவாதம் உண்டு. பயங்கரவாதம் என்றால் என்ன என்ற வரைவிலக்கணம் இல்லை. பல் முறிவையும் மூட்டு விலகலையும் வேறுவேறாக எண்ணி எழுதிய சட்ட மரபிலே, மனிதரை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கும் சட்டம் தன் பெயருக்குத் தானே பொருள் சொல்லாமல் நடமாடுகின்றது. குறித்துரைக்கப்பட்ட ஆளைக் கொல்லுதல் என்று அதன் 2ஆம் பிரிவு தொடங்குகின்றது. ஆக, கொலையுண்டவர் யார் என்பதே குற்றத்தின் இனத்தைத் தீர்மானிக்கின்றது. அங்கிருந்து நகர்ந்து, இனங்களுக்கிடையே பகைமையை உண்டாக்கும் சொற்களையும் அடையாளங்களையும் அதே கூடையில் போடுகின்றது. அப்படிப்பட்ட சொல்லுக்குத் தண்டனை ஐந்தாண்டுக்குக் குறையாது. இருபதாண்டு வரை போகலாம். மண்வெட்டியால் எலும்பை முறித்தவனுக்குப் பத்தாண்டே உச்சம் என்பதை மறவாதீர்கள். 2020இல் தமிழிலே கவிதை எழுதிய முஸ்லிம் இளைஞர் ஒருவர் இச்சட்டத்தின் கீழ்க் கைதானார். 2023 டிசம்பரில்தான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மண்வெட்டியைவிடப் பேனா கொடிய ஆயுதம் என்று கண்டுபிடித்த சட்ட மேதைகளை என்னென்பது!

பெயர் மாறினால் தண்டனை மட்டுமா மாறுகின்றது? உண்மையைக் காணும் வழியே மாறிவிடுகின்றது. சாதாரண கொலை வழக்கிலே, பொலீஸ் உத்தியோகத்தருக்குச் செய்த குற்ற ஒப்புதலைச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்று சான்றுக் கட்டளைச் சட்டம் தடுக்கின்றது. மனைவியைக் கொன்றவனுக்கும் இந்தக் காப்பு உண்டு. கொள்ளையடித்துக் கொன்றவனுக்கும் உண்டு. பயங்கரவாதம் என்று பெயரிட்டவுடன் காப்புக் கழன்றுவிடுகின்றது. உதவிப் பொலீஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவர் எழுதிக்கொண்ட ஒப்புதல் சான்றாகிவிடும். அது அடித்து வாங்கப்பட்டது என்றால், அதை நிரூபிக்கும் சுமை அடிபட்டவன் தலைமேலேயே ஏற்றப்படும். அடித்தவரும் அடிபட்டவனும் மட்டுமே இருந்த அறையில் நடந்ததற்கு அவன் எங்கே போய்ச் சாட்சி தேடுவான்?

இது கற்பனையன்று. 1993இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் கைதான இளைஞர் ஒருவருக்கு 1995இல் கொழும்பு மேல் நீதிமன்றம் 50 ஆண்டுச் சிறை விதித்தது. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. அவருக்கு எதிரான சான்று ஒப்புதல் வாக்குமூலமே. அது அவருக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்டு, கீழே அவருடைய பெருவிரல் பதிக்கப்பட்டிருந்தது. 2004இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு இவ்வழக்கில் உரிமை மீறப்பட்டதெனக் கண்டது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்தக் கருத்துக்கு இந்நாட்டில் வலுவில்லை என்று தள்ளிவிட்டது. வேலிச் சண்டை வழக்கிலே அதே தாளை நீட்டியிருந்தால், பார்த்த மாத்திரத்தில் நீதிபதி ஒதுக்கி வைத்திருப்பார். 1994இல் சித்திரவதைக்கெனத் தனிச்சட்டம் செய்து, ஏழாண்டுக்குக் குறையாத சிறையை விதித்த நாடுதான் இது. சித்திரவதை ஒரு கையிலே குற்றம்; மறு கையிலே சான்று திரட்டும் வழி.

2022ஆம் ஆண்டுத் திருத்தம் தடுப்புக்காவலின் உச்சத்தைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாகக் குறைத்தது. ஒப்புதல் விதியைத் தொடவில்லை. பாம்பின் வாலை நறுக்கிவிட்டுப் பல்லை விட்டுவைத்தார்கள்.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். 1983 ஜூலை 25ஆம் நாளும் 27ஆம் நாளும் வெலிக்கடைச் சிறைக்குள்ளே 53 தமிழ்க் கைதிகள் அடித்தும் வெட்டியும் கொல்லப்பட்டனர். முதல் நாள் 35 பேர். இடையில் ஒரு நாள் விட்டு மறுபடியும் 18 பேர். சட்டத்திலே சொல் இல்லாமற் போயிற்றா? ஐந்து பேருக்குக் குறையாமல் குற்ற நோக்கத்தோடு கூடினால் சட்டவிரோதக் கூட்டம் என்று 138ஆம் பிரிவு இருந்தது. பொதுநோக்கத்தோடு நடந்த கொலைக்கு அக்கூட்டத்தின் ஒவ்வொருவனும் பொறுப்பாளி என்று 146ஆம் பிரிவு இருந்தது. கொலை என்ற 294ஆம் பிரிவும் இருந்தது. சொற்களெல்லாம் நூறாண்டுகளாகக் காத்திருந்தன. ஒருவன்கூடக் கொலைகாரன் என்று தீர்க்கப்படவில்லை. அரசாங்கத்தின் பூட்டுக்குள், அரசாங்கத்தின் சாவி திறந்தாலன்றி எவரும் நுழைய முடியாத இடத்தில் நடந்த கொலை அது!

1996 பெப்ரவரியில் திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 24 பேர் கொல்லப்பட்டனர். வழக்கு அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, சிங்கள மொழி பேசும் யூரர் முன் நடந்து, 2016 ஜூலையில் எதிரிகளான முன்னாள் இராணுவத்தினர் அறுவரும் விடுதலையாயினர். 2000 டிசம்பரில் மிருசுவிலில் எண்மர் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். ஐவர் மீது வழக்கு. 2015இல் ஒருவருக்கே மரண தண்டனை. 2019இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில் ஜனாதிபதியின் மன்னிப்பு. அவ்வளவுதான்!

இங்கே நடக்கும் வகைப்பாட்டின் சூட்சுமத்தைக் கவனியுங்கள். தமிழ் இளைஞன் ஒருவன் மீது குற்றம் சாட்டினால் அது தனிமனிதன் செயலாக இருப்பதில்லை. சதி, உடந்தை, தகவல் மறைத்தல் என்று வலை விரிந்து, சோறு போட்ட தாயையும் தொட்டுவிடுகின்றது. தகவல் தெரிந்தும் சொல்லாமைக்கே அச்சட்டத்தில் ஏழாண்டு வரை சிறை உண்டு. சீருடை அணிந்தவன் மீது குற்றம் சாட்டினாலோ அது முற்றிலும் தனிமனிதன் செயல். யாரோ ஒருவன் வழிதவறிவிட்டான். கட்டளையிட்டவனைக் காணோம், கண்டும் காணாதிருந்தவனைக் காணோம். நம்முடைய குற்றம் எப்போதும் கூட்டுக் குற்றம். அவர்களுடையது எப்போதும் தனிக் குற்றம். இந்தப் பாகுபாடு எந்தச் சட்டப் புத்தகத்திலும் அச்சாகவில்லை. குற்றப்பத்திரம் வரையும் சட்டமா அதிபரின் மேசையில்தான் அது நடைபெறுகின்றது.

நேர்மையாக இன்னொன்றையும் பதிவு செய்வோம். செம்மணியில் 1996இல் பள்ளி மாணவி ஒருவரும், அவரைத் தேடிப் போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்ட வழக்கில், 1998இல் மூன்று நீதிபதிகள் கொண்ட மன்றம் இராணுவத்தினரைக் குற்றவாளிகளெனத் தீர்த்தது. கடத்தல், வன்புணர்ச்சி, கொலை என்ற பழைய பெயர்களே அங்கே போதுமாயிருந்தன. மனம் இருந்தால் சட்டத்துக்கு வாய் உண்டு என்பதற்கு அது சாட்சி. அவ்வழக்கிலே தண்டிக்கப்பட்டவர் ஒருவரே செம்மணியில் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்தில் கூறினார். 2025இல் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்தில் நூற்றுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. சிறு பிள்ளைகளின் எலும்புகளும் அவற்றுள் உண்டு. அந்த எலும்புகளுக்கு நேர்ந்ததற்குச் சட்டம் என்ன பெயர் வைக்கப் போகின்றது?

காணாமலாக்கப்பட்டோர் விடயத்தில் நீண்ட காலம் பெயரே இருக்கவில்லை. உடல் கிடைக்காததால் கொலை என்று வழக்குப் போடுவதில்லை. கொண்டுபோனவர் உத்தியோகத்தர் என்பதால் கடத்தல் என்று எழுதுவதில்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரின் துயரத்துக்கு அன்றைய தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு தனிப் பிரிவு இல்லை. 2018ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமே வலிந்து காணாமலாக்குதலை ஒரு குற்றமென்று பெயர் சொல்லி, இருபதாண்டு வரை சிறை விதித்தது. உடனே சட்ட விற்பன்னர் சிலர் எழுந்து, 2018க்கு முன் நடந்தவற்றை இது தொடாது, முன்கூட்டிக் குற்றமாகாததற்குத் தண்டனை இல்லை என்றனர்.

இவர்கள் அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையை முழுவதும் வாசிக்கவில்லையா? அதன் 6ஆம் பந்தி அவர்கள் சொல்லும் விதியைக் கூறுவது உண்மையே. அதே பந்தியின் காப்புவாசகமோ, செய்யப்பட்ட காலத்தில் உலக நாடுகளின் சமுதாயம் ஏற்றுக்கொண்ட பொதுச் சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாயிருந்த செயலுக்கு விசாரணையும் தண்டனையும் நடத்த இவ்விதி தடையாகாது என்று தெளிவாகச் சொல்லுகின்றது. 1978 முதல் அவ்வாசகம் அங்கேயே கிடக்கின்றது. அன்றியும், கொண்டுபோன பிள்ளைக்கு என்ன நேர்ந்தது என்று சொல்ல மறுக்கும் ஒவ்வொரு நாளும் அக்குற்றம் தொடர்கின்றது. 2018க்குப் பின்னரும் தொடர்ந்தது. இனப்படுகொலைச் சாசனத்தில் இலங்கை 1950இலேயே இணைந்தது. ஆயினும் இனப்படுகொலை, மானிடத்துக்கு எதிரான குற்றம் என்ற பெயர்களைத் தண்டனைச் சட்டக்கோவையில் தேடினால் கிடையா. நூறு பேரைக் கொன்றவனும் நூறு தனித்தனிக் கொலைகளின் எதிரியாகவே நிற்பான்; நூறையும் கோத்த நோக்கத்துக்குப் பெயர் இராது.

நம்மவரிற் சிலர் இவ்விடத்தில் கைதட்டுவர். அவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 1975இல் யாழ்ப்பாண முதல்வர் துரையப்பா சுடப்பட்டார்; 1989இல் அமிர்தலிங்கம் தம் வீட்டிலேயே சுடப்பட்டார்; 1999இல் நீலன் திருச்செல்வம் குண்டுக்கு இரையானார். துரோகி ஒழிப்பு என்றும் களையெடுப்பு என்றும் சிலர் அவற்றுக்கு அழகிய பெயர்கள் சூட்டினர். 294ஆம் பிரிவில் களையெடுப்பு என்று ஒன்றில்லை. அவை கொலைகள். தமிழன் செய்த கொலைக்கு வேறொரு பெயர் வேண்டுமென்று நாம் கேட்போமாயின், சீருடைக்காரன் கேட்கும் அதே சலுகையையே நாமும் கேட்டவராவோம். பிறகு குமாரபுரத்தைப் பற்றிப் பேச நமக்கு நாவிராது.

ஆகவே நாம் கேட்பது புதிய சலுகையன்று. 1979இன் சட்டம் ஒழிய வேண்டும். அதை நீக்குவோம் என்ற வாக்குறுதி பலமுறை தரப்பட்டுவிட்டது. 2018இலும் 2023இலும் மாற்றுச் சட்டமூலங்கள் என்று வந்தவை பயங்கரவாதத்துக்கு வரைவிலக்கணம் தந்தன. ஆனால் எவரையும் உள்ளே இழுக்கத்தக்க அகலத்தில் தந்தன. வலையின் கண்ணைப் பெரிதாக்கச் சொன்னால் வலையையே பெரிதாக்கினார்கள். எந்த மாற்றுச் சட்டம் வந்தாலும் அதில் நாம் முதலில் தேடவேண்டியவை இரண்டு: பொலீசாருக்குச் செய்த ஒப்புதல் சான்றாகுமா, உடலுக்கோ உயிருக்கோ தீங்கில்லாத சொல் அதில் வன்செயலாக்கப்பட்டுள்ளதா? இவ்விரண்டில் ஒன்று இருந்தாலும் அது பழைய சட்டத்தின் தம்பியே. 13ஆம் உறுப்புரையின் காப்புவாசகத்தின் கீழ் முதற் குற்றப்பத்திரத்தைச் சட்டமா அதிபர் தாக்கல் செய்ய வேண்டும். அல்லாவிடில் ஏன் செய்யவில்லை என்பதற்கு எழுத்தில் காரணம் கூற வேண்டும்.

சட்டத்தரணிகளாகிய நம் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல் நீதிமன்றத்திலே வாதத்திறமை காட்டுவதற்கு முன்னர், ஞாயிற்றுக்கிழமை அரை நாளைக் கிராமச் சங்கக் கட்டடங்களில் செலவிடுங்கள். வாக்குமூலம் எழுதுவது எப்படி, வைத்தியரிடம் சொல்ல வேண்டியது என்ன என்பதைத் தமிழிலே விளக்குங்கள். கமக்காரர் செய்ய வேண்டியதும் பெரிய காரியமன்று. பொலீஸ் நிலையத்தில் எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். விளங்காவிடில் விளங்கவில்லை என்று சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையாயின், சேர்த்து எழுதும்வரை கையொப்பத்தை நிறுத்திவையுங்கள். மறுத்தால் மறுத்தவரின் இலக்கத்தையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள்.